மண்ணெண்ணெய் மெசினோடு காவிச் செல்லும் சாமான் பை: ஏழு வருட அனுபவம்

எங்கள் மிளகாய்த் தோட்டம் வன்னியில், வவுனிக்குளத்துப் பக்கம், காட்டோரத்தில் இருக்கிறது. தண்ணீர் இறைப்பது இரண்டு அங்குல மண்ணெண்ணெய் மெசினால். அது நின்றுவிட்டால் ஒரு வாசர் வாங்கவும் மல்லாவிக்குத்தான் ஓடவேண்டும். பூத்து நிற்கிற கன்றுக்குச் சிறுபோக வெயிலில் தண்ணீர் பிந்தினால் பூவெல்லாம் கொட்டிவிடும். அதனால் ஏழு வருடமாக மெசினோடு ஒரு சாமான் பையும் சைக்கிள் கரியரில் போகிறது.

முதல் வருடம் பை பெரிது. பிஸ்டன் றிங், கொயில், முழுக் காபரேட்டர் என்று எல்லாவற்றையும் அடைந்து வைத்தேன். ஒன்றும் உதவவில்லை. புழுதி பறக்கிற கிணற்றடியில் எஞ்சினைப் பிரிக்க முடியாது, பிரிக்கவும் கூடாது. அதெல்லாம் இப்போது வீட்டு அலுமாரியில். மெசினில் தண்ணீர் கசியாமல் தடுக்கிற தண்ணீர் சீலும் அப்படித்தான். தண்ணீர் இல்லாமல் மெசின் ஓடினால் முதலில் கருகுவது அந்தச் சீல்தான், ஆனால் அதன் முகத்தில் ஒரு மணல் பட்டாலும் புதுச் சீலும் ஒழுகும். வீட்டில் துணி விரித்து வைத்துத்தான் மாற்றுகிறேன்.

பையில் அதிகம் கைபட்ட சாமான், எஞ்சினுக்குள் தீப்பொறி போடுகிற பிளக். இந்த மெசினைப் பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்த முன்னரும் கொஞ்ச நேரம் பெற்றோலில் ஓடவிடவேண்டும். அதை மறந்து மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் அடுத்த நாள் பிளக் நனைந்து கிடக்கும், தொடக்குகிற கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் விட்டுவிடும். இரண்டாம் வருடம் அப்படி ஒருநாள் பையில் இருந்த புதுப் பிளக்கை எடுத்தேன். கடையில் "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்று தந்தது. பழையதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தால் புரி அரை விரல் நகம் அளவு நீளம். பூட்டியிருந்தால் பிஸ்டனில் இடித்திருக்கும். அன்று தோட்டம் காய்ந்தது. அதற்குப் பிறகு எந்தச் சாமான் வாங்கினாலும் வீட்டில் ஒருமுறை பூட்டி, ஓடவிட்டு, கழற்றித்தான் பைக்குள் வைக்கிறேன். பிளக் இடைவெளியையும் அப்போதே 0.7 மில்லிமீற்றருக்குச் சரி செய்துவிடுவேன்.

அடுத்தது காற்று இழுப்பது. எஞ்சின் நன்றாக ஓடும், தண்ணீர் வராது. பத்தில் எட்டுத் தடவை உறிஞ்சு குழாயில்தான் பிழை: குழாயின் அடி நுனியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கிற புட்வால்வுக்குள் ஒரு சுள்ளி, அல்லது கிளிப் தளர்ந்திருக்கும். போன வருடம் பக்கத்துத் தோட்டத் தம்பி இருட்டுகிற நேரம் ஓடிவந்தான்.

"அண்ணை, சாமான் பை இருக்கோ? மெசின் தண்ணி எடுக்குதில்லை."

"பொறு, முதல்ல மூட்டில தண்ணிய ஊத்திப் பார்."

ஊற்றியதும் சத்தம் மாறியது, குழாய் ஒருதரம் துள்ளித் தண்ணீர் கக்கியது. உறிஞ்சு குழாய் மூட்டில்தான் ஓட்டை. பழைய சைக்கிள் ரியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டி வைத்திருக்கிறேன். அதை நன்றாக இழுத்து, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி சுற்றி, மேலே கிளிப்பை இறுக்கினோம். அந்தப் போகம் முழுக்க அப்படியே ஓடியது.

ரியூப் நாடா அப்பாவின் பழக்கம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் வன்னிக்கு வராத காலம், மோட்டர் சைக்கிளே மண்ணெண்ணெயில் ஓடியது. வாசர் எல்லாம் அவர் ரியூபில்தான் வெட்டுவார். ஆனால் காபரேட்டரில் எண்ணெய் போகிற சின்னத் துளையான ஜெற் அடைத்தால், அதை அவர் பிறேக் கம்பி இழையால் குத்துவார். அதை மட்டும் நான் செய்வதில்லை, பித்தளைத் துளை பெருத்துவிடும். மின்வயரில் உருவிய மெல்லிய செப்பு இழை ஒன்று போதும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்த எண்ணெயில் ஒரே கசடு. ஜெற் அடைத்தபடியே இருந்தது. அப்போது சேர்த்த வடிதுணி இன்னும் பையில் இருக்கிறது.

அடுக்குவதிலும் ஒரு பாடம் பட்டேன். பெற்றோல் போத்தல் மூடி கசிந்து, கூடவே கிடந்த றபர் வாசரெல்லாம் ஊதிப்போய் ஒன்றுக்கும் உதவாமல் போயின. இப்போது றபர்ச் சாமான் பவுடர் தூவி ஒரு மூடியுள்ள பால்மா ரின்னுக்குள். பிளக்கும் இழையும் இன்னொரு ரின். போத்தல் பைக்கு வெளியே, கரியரில் தனியாகக் கட்டுவேன். குறடு, திருப்புளி, பிளக் சாவி மூன்றும் சீலையில் சுருட்டியபடி.

மற்றது இழுக்கிற கயிறு. நைலோன், பழையதோடு வைத்து அளந்து வெட்டி, நுனியை நெருப்பில் உருக்கி முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். போன மாதம் கயிறு அறுந்தபோது நான் தோட்டத்தில் இல்லை. அக்காவின் மகன் பையைத் திறந்து, தானே மாற்றி, இரண்டு பாத்திக்கு இறைத்தும் முடித்திருந்தான். பழைய கயிற்றை எறியாமல் ரின்னுக்குள் சுருட்டி வைத்திருந்தான், அடுத்ததை அளக்க.