அரிக்கமேட்டில் தொடங்கி விறகடுப்பு பீட்சாவில் முடியும் ஒரு நாள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து சொந்தக்காரர் வீடுகளுக்கு நடுவே ஒரே ஒரு நாள் மிஞ்சினால், சென்னையிலிருந்து கைக்கெட்டும் இடம் புதுச்சேரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். முதலில் கிழமையைப் பாருங்கள். திங்களன்று புதுச்சேரி அருங்காட்சியகம் மூடல். செவ்வாயன்று ஆரோவிலின் தியான மண்டபமான மாத்ரிமந்திர் உள்ளறைக்கு அனுமதி இல்லை. சனி, ஞாயிறு என்றால் சென்னையும் பெங்களூரும் சேர்ந்து வந்து இறங்கிவிடும். மிஞ்சுவது புதன், வியாழன், வெள்ளி.

வாடகைக் கார் பேசும்போது கிலோமீட்டர் கணக்கோடு நிறுத்திவிடக் கூடாது. தமிழ்நாட்டு வாடகை வண்டி புதுச்சேரிக்குள் நுழையத் தனியாக பர்மிட் கட்ட வேண்டியிருக்கலாம். சுங்கம், பர்மிட், ஓட்டுநர் பேட்டா, பார்க்கிங் எல்லாம் சேர்த்தா, சேர்க்காமலா என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். இரவு இறங்கும்போது வரும் சண்டைகளில் பாதி இதனால்தான். ஊருக்குள் சுற்ற ஸ்கூட்டர் எடுப்பவர்கள் நம்பர் பலகையைப் பார்க்க வேண்டும். வாடகைக்கு விட அனுமதி பெற்ற வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை வண்டி யாரோ ஒருவரின் சொந்த வண்டி; மோதினால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். வெளிநாட்டு உரிமம் வைத்திருப்பவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

ரோமானியரோடு வாணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்குக் காலை எட்டு மணிக்கே போய்விடுவது நல்லது. நகரத்துக்குத் தெற்கே சுமார் நான்கு கிலோமீட்டர், அரியாங்குப்பம் ஆற்றங்கரை. பலர் ஏமாந்து திரும்பும் இடமும் இதுதான். இடிந்து நிற்கும் செங்கல் தூண்களை ரோமானியர் கட்டியவை என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அவை 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கிறித்தவ குருமடத்தின் மிச்சம். ரோமானியத் தொடர்பைக் காட்டும் சான்றுகள் மண்ணுக்குள் இருந்தவை. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது வைன், ஆலிவ் எண்ணெய் போன்றவை வந்த இரட்டைக் கைப்பிடி ஜாடிகளின் உடைசல்களும், இத்தாலியின் அரெட்சோ ஊரில் பேர்பெற்ற பளபளக்கும் சிவப்பு மட்கலத் துண்டுகளும் கிடைத்தன. அதனால் மேட்டை முதலில் பார்த்துவிட்டு, பாரதி பூங்கா எதிரே உள்ள அருங்காட்சியகத்தில் அந்தத் துண்டுகளைப் பாருங்கள். வரிசையை மாற்றினால் மேட்டில் வெறும் மரங்கள்தான் தெரியும். பிரெஞ்சு ஊர் என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்தப் பிரெஞ்சுக்காரருக்குப் பதினாறு நூற்றாண்டு முன்பே இத்தாலியச் சரக்கு இங்கே இறங்கிவிட்டது.

பிரெஞ்சுக் கால வீடுகள் நிற்கும் வெள்ளை நகரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று படம் எடுப்பதற்கு வழிகாட்டியும் தேவையில்லை, சைக்கிள் ரிக்‌ஷாவும் தேவையில்லை. பாரதி 1908 முதல் 1918 வரை இந்த ஊரில் வாழ்ந்தார்; ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு நினைவில்லத்துக்கு நேரம் இருந்தால் போகலாம்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆரோவில். இரண்டரை மணிக்குள் பார்வையாளர் மையத்தை அடைய வேண்டும். மாத்ரிமந்திரைத் தொலைவிலிருந்து பார்க்கும் இலவச அனுமதிச்சீட்டு தருவதை மாலைக்குள் நிறுத்திவிடுவார்கள். சிறு காணொளி பார்த்து, சீட்டு வாங்கி, மர நிழலில் ஒரு கிலோமீட்டர் நடை. திரும்பி வர வயதானவர்களுக்கு வண்டி உண்டு, கேட்டால் சொல்வார்கள். உள்ளறைக்குப் போக முன்பதிவு வேண்டும். அன்றே வந்து கெஞ்சிப் பயனில்லை.

இனி இரவுச் சாப்பாடு. விறகடுப்பு வைத்த இத்தாலிய உணவகங்கள் ஆரோவிலை ஒட்டிய குயிலாப்பாளையம் சாலைப் பக்கம் உண்டு. ஏழு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். கூட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை, அடுப்புக்காகவும்தான். நேப்பிள்ஸ் முறை பீட்சாவுக்கு அடுப்பு 430 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் 60 முதல் 90 நொடிகளில் வெந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாகப் பீட்சா போகப் போக அடுப்பின் தரைக்கல் சூடு இறங்கும். மேலே சீஸ் உருகியிருக்கும், அடிப்பக்கம் வெளுத்து, நடுவில் சொதசொதவென்று இருக்கும். எட்டரை மணிக் கூட்டத்தில் வரும் புகார்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். சமையல்காரரைத் திட்டிப் பயனில்லை. கடலோர வெக்கையில் மாவும் சீக்கிரம் பொங்கிப் புளித்துவிடும். விளிம்பில் கரும்புள்ளிகள், உள்ளே காற்றறைகள், லேசான புளிப்பு இருந்தால் மாவைக் குளிரில் மெதுவாகப் புளிக்க வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதலில் ஒரு மார்கெரிட்டா சொல்லிப் பாருங்கள். தக்காளி, மொசரெல்லா, பேசில் இலை மட்டும் இருப்பதால் எந்தக் குறையும் மறையாது. அந்தப் பேசில் நம்ம ஊர் திருநீற்றுப்பச்சிலையின் இனமேதான். விதையைத்தான் சப்ஜா என்று விற்கிறோம். ஐந்தாறு காய்கறிகளைக் குவித்த பீட்சாவில் தண்ணீர் விட்டு அடிப்பக்கம் ஊறிப்போகும்.

பாஸ்தா நம் ஊரில் பொதுவாக அதிகம் வெந்தே வருகிறது. நடுவில் லேசாகக் கடிபட வேண்டும் என்றால் ஆர்டர் சொல்லும்போதே 'அல் தெந்தே' என்று சொல்லுங்கள். தட்டு வந்தபின் சொல்லித் திருத்த முடியாது. கார்பொனாரா பாஸ்தாவில் க்ரீம் சேர்ப்பார்களா என்று கேளுங்கள். ரோமில் முட்டையும் சீஸும்தான் அந்த வழவழப்பைத் தரும். பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோ சாஸில் பைன் கொட்டைக்குப் பதில் முந்திரி அரைத்திருந்தால் குறையாக நினைக்க வேண்டாம். பண்ருட்டி முந்திரி பக்கத்திலேயே விளையும்போது கப்பலில் வந்து சிக்கு வாடை அடிக்கும் கொட்டை எதற்கு? கடல் உணவு பாஸ்தாவை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தவிர்ப்பது நல்லது. அந்த 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; இறால் பெரும்பாலும் உறைபெட்டியிலிருந்துதான் வரும்.

முழுச் சைவக்காரர்கள் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அசல் பார்மிஜானோ, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறைய வைத்தது. உள்ளூர்ச் சீஸ் என்றால் பெரும்பாலும் அந்தச் சிக்கல் இல்லை. திராமிசு என்ற இத்தாலிய இனிப்பில் பச்சை முட்டை இருக்கலாம். வைன் வேண்டுமென்றால் புதுச்சேரி நகரத்துக்குள் இருக்கும் உணவகமே சரி: ஆரோவிலின் பெரும்பகுதி தமிழ்நாட்டு விழுப்புரம் மாவட்டம். புதுச்சேரியில் வாங்கிய பாட்டிலைக் காரில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டினால் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொள்வீர்கள்.

பில்லில் ஜிஎஸ்டி 5 சதவீதம் இருக்கும். சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை இருந்தால் அது கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம். டிப்ஸைப் பரிமாறியவர் கையில் நேராகக் கொடுங்கள். அட்டை இயந்திரம் ரூபாயா, உங்கள் நாட்டுப் பணமா என்று கேட்டால் ரூபாயைத் தேர்ந்தெடுங்கள், மற்றதில் மாற்று விகிதம் மோசம். வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு உள்ளவர்கள் சில நாட்டு அலைபேசி எண்களிலேயே யுபிஐ இணைக்கலாம். அந்த சிம்மிலிருந்தே சரிபார்ப்பு எஸ்எம்எஸ் போக வேண்டியிருப்பதால் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

மீந்த துண்டுகளை அட்டைப் பெட்டியில் மூடி எடுத்துப்போனால் சென்னை போவதற்குள் ஆவியில் நமுத்துவிடும். மூடியைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், வீடு சேர்ந்ததும் ஃபிரிட்ஜில். மறுநாள் காலை அத்தை வீட்டுத் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், சிறு தீயில், மூடி போடாமல் மூன்று நிமிடம் வைத்தால் அடிப்பக்கம் திரும்ப மொறுமொறுப்பாகும்.