செவ்வாய்க்கிழமை டாப் (tap) நடன வகுப்பு, ரிச்மண்ட்: ஐந்துக்கு நாலு மதிப்பெண்

அமெரிக்காவில், வர்ஜீனியாவின் ரிச்மண்டில் டாப் நடனம், அதாவது ஷூவால் தரையில் தாளம் தட்டி ஆடும் நடனம், கற்க இடம் தேடுகிறீர்களா? ஆசிரியரைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். நான் பார்க்காமல் சேர்ந்தேன். ஒரு மாதம் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அது வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஒரு ஸ்டூடியோ. பெயர் வேண்டாம். சுவரெல்லாம் கண்ணாடி, வாசலில் காபி மெஷின். தரை மட்டும் சிமெண்ட், மேலே ஒரு வினைல் விரிப்பு. டாப் ஷூவின் அடியில் முன்பாதத்திலும் குதிகாலிலும் உலோகத் தகடு உண்டு. கீழே மரப்பலகையும் அதற்கடியில் கொஞ்சம் வெற்றிடமும் இருந்தால்தான் அடியைத் தரை வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் முழங்கால் வாங்கிக்கொள்ளும். 'பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பு' என்று போட்டிருந்தார்கள். ஆனால் என்னைத் தவிர எல்லாரும் சின்ன வயதில் ஏழெட்டு வருடம் ஆடியவர்கள். எட்டு வகுப்புக்குப் பணம் கட்டி மூன்றோடு நின்றேன்.

இப்போது போகும் குழுவைப் பற்றிச் சொன்னது ஷூக்கடையில் என் காலுக்கு அளவெடுத்த பெண்மணி. பெயர்ப் பலகைகூடக் கிடையாது, 'செவ்வாய்க்கிழமை டாப்' என்றுதான் சொல்வார்கள். ஒரு தேவாலயத்தின் பழைய கூடம், அடி வாங்கி வழுவழுத்துப்போன மரத்தரை. ஒரு வகுப்புக்கு 12 டாலர், வந்த அன்றைக்குக் கொடுத்தால் போதும். முதல் வகுப்பு இலவசம். ஷூ இல்லாவிட்டால் கெட்டியான அடித்தோல் உள்ள எதையாவது போட்டுக்கொண்டு வரச் சொல்கிறார்கள்.

ஆசிரியைக்கு எழுபது நெருங்குகிறது. சின்ன வயதில் மூன்று வருடம் பரதம் கற்றது கைகொடுக்கும் என்று நம்பியிருந்தேன். தாளத்துக்குக் கொடுத்தது, காலைக் கெடுத்தது. பரதத்தின் முதல் பாடமான தட்டடவில் முழுப் பாதமும் தரையில் அறைய வேண்டும். இங்கே கணுக்காலைத் தொளதொளவென்று விட்டுவிட்டு முன்பாதத்தால் உரச வேண்டும். "மிதிக்காதே, ஈரக்காலை உதறுவதுபோல் உதறு" என்றார். முன்பாதத்தை முன்னும் பின்னும் உரசுவதுதான் ஷஃபிள். அன்றைக்குத்தான் என் ஷஃபிள் ஷஃபிளாகக் கேட்டது. ஷஃபிளோடு சட்டென்று கால் மாற்றி மிதிக்கும் ஷஃபிள் பால்-சேஞ்சில் நாலு ஓசை. மனசுக்குள் 'தகதிமி' என்றுதான் எண்ணுகிறேன், தப்புவதில்லை.

இந்த ஊரில் டாப் கற்பதில் இன்னொரு வசதி உண்டு. 1878இல் இங்கே பிறந்தவர் புகழ்பெற்ற டாப் நடனக்காரர் பில் 'போஜாங்கிள்ஸ்' ராபின்சன். அவர் பிறந்த மே 25தான் அமெரிக்காவில் டாப் நடன தினம். ரிச்மண்டின் ஜாக்சன் வார்டு பகுதியில், ஆடம்ஸ் தெருவும் லீ தெருவும் சேரும் இடத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. படியிறங்கி ஆடுகிற சிலை. பிள்ளைகள் ரோட்டைக் கடக்கத் திண்டாடுகிறார்கள் என்று 1933இல் தன் பணத்தில் அங்கே சிக்னல் விளக்கு வைத்தாராம். "போய் அந்தப் பாதத்தைப் பார்த்துவிட்டு வா" என்று அனுப்பினார் ஆசிரியை. குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தில் நின்று ஆடியது ராபின்சனின் தனி அடையாளம், அதுவும் மர அடி வைத்த ஷூவில்.

குறைகள்? கண்ணாடி கிடையாது. ஆசிரியை முதுகைக் காட்டி ஆடும்போது பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது, ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் முன்வரிசையைப் பிடியுங்கள். ஜூலையில் கூடம் வேகும். பார்க்கிங் பெரும்பாடு. தொடக்கநிலை, அடுத்தநிலை என்று பிரிப்பதும் கிடையாது. ஆனாலும் கடைசிப் பத்து நிமிடம் எல்லாரும் சேர்ந்து ஷிம் ஷாம் ஆடுவோம். 1920களிலிருந்து டாப் ஆடுகிறவர்கள் கூடினால் ஆடும் ஆட்டம் அது. மூன்றாம் வாரமே நானும் ஒப்பேற்றினேன், பாதி இடத்தில் சும்மா நின்றுகொண்டு.

அப்புறம் ஷூ. தகடு ரிவிட் அடித்த மலிவு ஷூ வேண்டாம், தளர்ந்தால் முடுக்க வழியில்லை. திருகாணி வைத்ததையே வாங்குங்கள். கையோடு ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொண்டுபோங்கள், என்னுடையதை யாரோ இரவல் வாங்கிப்போய் மூன்று வாரம் ஆகிறது.