மின்னஞ்சலோடு கால் நூற்றாண்டு: ரே டாம்லின்சன் வகுத்த முகவரி

1999ஆம் ஆண்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் என் முதல் மின்னஞ்சல் முகவரியைத் தொடங்கினேன். மெய்ப்புத் திருத்துவது என் தொழில். எத்தனையோ அரட்டைச் செயலிகள் வந்து மறைந்த பின்னும், திருத்த வேண்டிய கோப்புகள் இன்றும் அஞ்சல் பெட்டிக்குத்தான் வருகின்றன. இந்த நிலைபேற்றுக்கு முதற்காரணம் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் செய்த ஓர் ஏற்பாடு என்பது என் கருத்து.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில், போல்ட் பெரானெக் அண்டு நியூமன் நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலம் அது. அக்கணினிக்குள் ஒருவருக்கொருவர் செய்தி விட்டுச்செல்ல எஸ்என்டிஎம்எஸ்ஜி என்ற நிரல் ஏற்கெனவே இருந்தது. அதில் அஞ்சல் பெட்டி என்பது வெறும் கோப்பு. பிறர் அதன் இறுதியில் எழுதிச் சேர்க்கலாம், உள்ளே இருப்பதைப் படிக்கவோ அழிக்கவோ இயலாது. 1971இல் டாம்லின்சன், வலையமைப்பின் வழியே கோப்பு அனுப்பும் தம் சோதனை நிரலை இதனோடு இணைத்து, அருகருகே இருந்த இரண்டு பிடிபி-10 கணினிகளுக்கிடையே, இணையத்தின் முன்னோடி வலையமைப்பான ஆர்ப்பாநெட் வழியாகச் செய்தி அனுப்பினார். இதைச் செய்யும்படி யாரும் அவரைப் பணிக்கவில்லை. முதல் செய்தியில் என்ன எழுதினார் என்பதுகூட அவர் நினைவில் தங்கவில்லை.

ஆட்பெயர்களில் வராத @ குறியை எடுத்து, ஆளின் பெயரை இடப்புறமும் கணினியின் பெயரை வலப்புறமும் வைத்தார். இதன் அருமை எனக்கு அனுபவத்தில்தான் புரிந்தது. நான் இருமுறை சேவை மாறினேன். யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் உள்ள எழுத்தாளர்கள் வேறு வேறு சேவைகளில் இருந்தார்கள். ஆயினும் கடிதப் போக்குவரத்து ஒருநாளும் தடைபடவில்லை. அரட்டைச் செயலிகளிலோ இருவரும் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் வாடிக்கையாளர்களாக இருந்தாக வேண்டும்.

குறைகளும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியாக்கம் இருந்ததால், தமிழ்க் கடிதங்கள் பொருளற்ற ரோமன் எழுத்துகளாக வந்து சேர்ந்தன. கடிதத்தோடு எழுத்துருவையும் இணைத்து அனுப்பினோம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுக் குறியாக்கமான ஒருங்குறி (யூனிகோட்) பரவிய பின்பே அந்தத் தொல்லை தீர்ந்தது. முகவரியையே தமிழில் அமைக்க 2012இல் நெறிமுறை வந்துவிட்டது என்றாலும், நான் நிரப்பிப் பார்த்த இணையப் படிவங்கள் பல அதை ஏற்கவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். அனுப்புநர் பெயரைச் சரிபார்க்கும் வழி மூல அமைப்பில் இல்லாததால், எனக்கு வேலை தருபவர் பெயரிலேயே ஒருமுறை போலிக் கடிதம் வந்தது. தொலைபேசியில் கேட்டதால் தப்பினேன்.

முதல் சேவை மூடப்பட்டபோது ஏழாண்டுக் கடிதங்கள் போய்விட்டன. அதன்பின் வந்த அனைத்தையும் என் வன்தட்டில் ஒரே கோப்பாக இறக்கி வைக்கிறேன். அந்தக் கோப்பைத் திறந்தால், 1971இன் அஞ்சல் பெட்டியில் இருந்தது போலவே, ஒரு கடிதத்தின் கீழ் அடுத்த கடிதம் சேர்ந்துகொண்டே போகிறது.