ரயில் பாடல்கள் ஒலிப் புத்தகம்: பாட்டு நிறைவு, குறிப்பு குறைவு

என் நான்கு வயது மகளுக்காக வாங்கிய ஆங்கில ரயில் பாடல்களின் ஒலிப் புத்தகத்தை இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். தடித்த அட்டைப் பக்கங்கள் இன்னும் கிழியவில்லை. பொத்தானை அழுத்தியதும் பாட்டு தெளிவாக ஒலிக்கிறது. பேட்டரி மூடியைத் திருகாணியால் இறுக்கியிருப்பதால் குழந்தை அதைத் திறந்துவிடும் என்ற அச்சமும் இல்லை.

ஆனால் மகள் நாள்தோறும் விரும்பிக் கேட்கும் ‘ஐ’வ் பீன் வொர்க்கிங் ஆன் தி ரெயில்ரோட்’ பாட்டின் அடியில் ‘மரபுப் பாடல்’ என்று மட்டும் அச்சிட்டுவிட்டு, அதன் வரலாற்றைப் பதிப்பாளர் முழுவதுமாக விட்டுவிட்டது எனக்கு வருத்தமளிக்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பாடல் தொகுப்பில் 1894-இல் ‘லெவி சாங்’ என்ற தலைப்பில் அச்சேறிய பாட்டு இது. லெவி என்பது ஆற்று வெள்ளத்தைத் தடுக்க எழுப்பும் கரை. ரயில் பாதையிலும் ஆற்றங்கரையிலும் உழைத்த கறுப்பினத் தொழிலாளர்களின் பேச்சைப் போலி செய்யும் எழுத்துக்கூட்டலில்தான் அது அங்கே அச்சாகியிருந்தது. சமையலறையில் டைனாவோடு யாரோ இருப்பதாக வரும் பகுதியோ அதற்கும் பல பத்தாண்டுகள் முந்தையது. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவராக நடித்த மேடைகளோடு தொடர்புடையது. அடிமைப்பட்டிருந்த கறுப்பினப் பெண்களைக் குறிக்கும் பொதுப்பெயராகவே டைனா என்ற பெயர் அக்காலத்தில் வழங்கியது.

இந்தப் புத்தகத்தில் டைனா சிரித்த முகமுள்ள ஓர் எஞ்சினாக வரையப்பட்டிருக்கிறாள். ‘டைனா, கொம்பை ஊது’ என்ற வரியை எஞ்சினின் ஊதல் என்று கொள்வோரும் உண்டு, தொழிலாளர்களைச் சாப்பிட அழைக்கும் சமையற்காரியின் குரல் என்று கொள்வோரும் உண்டு என்பதால், அந்தப் படத்தை முற்றிலும் தவறென்று சொல்ல மாட்டேன். ஆயினும் அடுத்த வரியிலேயே டைனா சமையலறைக்குள் இருக்கிறாள். எஞ்சின் எப்படி அங்கே நுழைந்தது என்று மகளே கேட்டுவிட்டாள். பாட்டில் வரும் பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவிக்குப் பதிலாகக் கிதாரை வரைந்திருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்கள் நினைவிலிருந்து மீண்டும் செய்துகொண்ட கருவியின் வழிவந்தது பாஞ்சோ. பாட்டின் வேரைக் காட்டும் ஒரே பொருளும் அதுதான்.

ஒலித் தரத்துக்காகவும் உறுதிக்காகவும் பெற்றோர் இதைத் தயங்காமல் வாங்கலாம். குழந்தைக்கு இவ்வளவு வரலாறும் இப்போது தேவையில்லை, ஆனால் உடன் அமர்ந்து பாடும் பெற்றோருக்குத் தேவை. பின்னட்டையின் உட்புறம் வெறுமையாகவே இருக்கிறது. அடுத்த பதிப்பில் அங்கே பத்து வரிகள் சேர்த்தால் போதும்.