கிளிப்பர் பில்லிங்குக்கு ஹார்பர் கம்பைலர்: மண்ணடிக் கடைகளுக்குச் சரிப்படுமா?

டாஸ் காலத்து புரோகிராம் மொழியான கிளிப்பரில் எழுதிய பில்லிங்கை இன்னும் ஓட்டும் மண்ணடி, சவுகார்பேட்டைக் கடைக்காரர்கள் புது கம்ப்யூட்டர் வாங்கியதும் மாட்டிக்கொள்வது இங்கேதான்: 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் புரோகிராம் திறக்கவே திறக்காது. கிளிப்பர் கோடை இன்றைய விண்டோஸில் ஓடும் புரோகிராமாக மாற்றும் ஹார்பர் கம்பைலர் இதற்கு அருமையான தீர்வு, அதுவும் இலவசம். புரோகிராமின் மூலக் கோடு உள்ள பிஆர்ஜி (.prg) சோர்ஸ் ஃபைல் கையில் இருக்க வேண்டும். ஹார்பருக்குத் துணையாக மிங்டபிள்யூ (MinGW) சி கம்பைலரைப் போட்டுவிட்டு, ஹார்பரின் எச்பிஎம்கே2 (hbmk2) கட்டளைக்குப் பின்னால் ஃபைல் பெயரைக் கொடுத்தால் புது இஎக்ஸ்இ தயார். பில் விவரங்கள் இருக்கும் டிபிஎஃப் (.dbf) டேட்டாவை மாற்ற வேண்டாம். அதில் வேகமாகத் தேட உதவும் என்டிஎக்ஸ் (.ntx) இண்டெக்ஸை மட்டும் புதிதாகக் கட்டிவிடுங்கள்.

முன்பே கம்பைல் ஆன பழைய லிப் (.lib), ஓபிஜே (.obj) ஃபைல்கள் 16 பிட் என்பதால் புது இஎக்ஸ்இயோடு லிங்க் ஆகாது. அந்தப் பகுதியைத் திரும்ப எழுதத்தான் வேண்டும். அடுத்த தலைவலி பிரிண்ட். பழைய பிரிண்டர் போர்ட்டான எல்பிடி1-க்குப் (LPT1) போகும் பில், யூஎஸ்பி டாட் மேட்ரிக்ஸுக்கு வராது. பிரிண்டரை ஷேர் செய்து, விண்டோஸின் நெட் யூஸ் (net use) கட்டளையால் எல்பிடி1-ஐ அதோடு இணையுங்கள். சோர்ஸ் தொலைந்திருந்தால் ஹார்பர் உதவாது, பழைய டாஸ் புரோகிராமை அப்படியே ஓட்டும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் (DOSBox-X) பக்கம் போங்கள்.