கேலிப்பர் பெயிண்டில் போன 5,650 ரூபாய்: வீட்டில் பிரேக்கைப் பிரிக்கிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள்

நேற்று சாயங்காலம் நத்தம் ரோடு பறக்கும் பாலத்தில் என் வண்டியின் முன்பிரேக் பிடித்துக்கொண்டது. கீழே விழவில்லை, அடி ஒன்றும் இல்லை. ஆனால் கருகின வாசம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. ராத்திரி தூக்கமும் இல்லை. அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன பணம் 5,650 ரூபாய்.

வண்டி 2016 மாடல், 150 சிசி. அக்கா மகன் இந்த வருஷம் காலேஜ் சேர்ந்திருக்கிறான். அவனுக்குக் கொடுத்துவிடலாம், அதற்கு முன்னால் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கலாம் என்று இறங்கினேன். முன்பக்கக் கேலிப்பரில் (டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேடு வைத்து அமுக்கிப் பிடிக்கிற பாகம்) பழைய பெயிண்ட் உரிந்து, அலுமினியத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது மாதிரி இருந்தது. "மாமா, செவப்புக் கலர் அடிங்க மாமா" என்றான். சரி என்றேன். ஆரம்பித்தது அங்கேதான்.

பிரேக்கில் அடிக்கிற பெயிண்டுக்கு இரண்டு சோதனை உண்டு. ஒன்று சூடு. இன்னொன்று பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் சாதாரணப் பெயிண்ட் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் அரித்துத் தூக்கிவிடும். அதனால்தான் இதற்கென்று தனிப் பெயிண்ட். அதில் பலவற்றை அடித்துக் காயவிட்டால் மட்டும் போதாது, அடுப்பில் வைத்துச் சூடேற்றி இறுக வைக்க வேண்டும், அதுதான் க்யூரிங். இதெல்லாம் தெரிந்துதான் தேடினேன். சிம்மக்கல் பக்கம் நாலு கடை ஏறி இறங்கினேன். "சைலன்சருக்கு அடிக்கிற கறுப்பு இருக்கு, சில்வர் இருக்கு, செவப்பெல்லாம் வராது சார்" என்றார்கள். உண்மையைச் சொன்ன கடைக்காரர்களிடம் வாங்காமல் வந்தேன் பாருங்கள்.

அன்று ராத்திரியே போனில் ஒரு விளம்பரம் வந்தது. சின்னச் சின்ன வீடியோ போட்டு வண்டிச் சாமான் விற்கும் பக்கம். 'ஆடித் தள்ளுபடி, ஹோம் க்யூரிங் கிட்'. பிரைமர், சிவப்பு, கிளியர் என்று மூன்று டப்பா, கூடவே கேலிப்பருக்குப் புது சீல் செட், அதாவது பிஸ்டனைச் சுற்றி உட்காரும் ரப்பர் வளையங்கள். 7,200 ரூபாய் கிட் 5,650 ரூபாய்க்கு என்று போட்டிருந்தது. நம்பருக்கு அடித்தேன். எடுத்தவன் முதல் வார்த்தையிலேயே, "சொல்லுங்கண்ணே, நம்ம மதுரதானா? எந்த ஏரியாண்ணே?" என்றான். வில்லாபுரம் என்றேன். "அட, எங்க சித்தப்பா வீடு அங்கிட்டுத்தாண்ணே இருக்கு" என்றான். எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 5,650 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

ஆயில் பட்டால் நிற்குமா என்று கேட்டேன். "இப்பவே உங்களுக்காக ஊத்திக் காட்டுறேண்ணே, ரெண்டு நிமிஷம்" என்று சொல்லி ஒரு வீடியோ அனுப்பினான். அதைத்தான் இன்று காலையிலிருந்து திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சிவப்புக் கேலிப்பர். அதன் மேல் குட்டி பாட்டிலிலிருந்து இளமஞ்சளாக ஏதோ ஊற்றுகிறான். துணியால் துடைக்கிறான். பெயிண்ட் அசையவில்லை. பின்னால் ஒரு நீல டிரம், சுவரில் மீனாட்சி திருக்கல்யாணப் படம் போட்ட தினசரிக் காலண்டர். அந்தக் காலண்டரைப் பார்த்ததும் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். நம்ம ஊர்க்காரன், நம்ம அம்மா படத்துக்குக் கீழே உட்கார்ந்து பொய் சொல்வானா என்று தோன்றியது. முதலில் 2,000, பார்சல் போட்டதும் 3,650. இரண்டையும் யுபிஐயில்தான் போட்டேன். கடைப் பெயரில் இல்லை, யாரோ ஒரு பெண் பெயரில் கணக்கு. "தங்கச்சி அக்கவுண்டுண்ணே" என்றான். அதற்கும் தலையாட்டினேன்.

பார்சல் வந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை, போன் நம்பர் மட்டும்.

வேலையை நான் ஒழுங்காகத்தான் செய்தேன், அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. வண்டியிலேயே லீவரை அமுக்கி அமுக்கிப் பிஸ்டன் இரண்டையும் வெளியே தள்ளி, ஹோஸைக் கழற்றி, பேடு, பின், பழைய சீல் எல்லாவற்றையும் எடுத்தேன். ரப்பர் ஒன்றுகூட அடுப்புக்குள் போகக் கூடாது. கம்பி பிரஷ், அப்புறம் 400 நம்பர் எமரி, அப்புறம் அசிட்டோன். பிஸ்டன் உட்காரும் குழி, ஹோஸ் போல்ட் மாட்டும் முகம், பேடு நகரும் இடம், காற்று எடுக்கும் பிளீடர் ஓட்டை எல்லாவற்றுக்கும் டேப். மெல்லிசாக மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிஷம். வீட்டு ஓடிஜியில் வைக்கலாமா என்று வாயைத் திறந்தேன். "கேக் சுடுற அடுப்புல பிரேக்கைச் சுட்டா, அப்புறம் கேக்கைச் சைலன்சர்ல சுட்டுக்கங்க" என்றாள் வீட்டுக்காரி. அவள் சொன்னதுதான் சரி. பெயிண்ட் புகை ஏறிய அடுப்பில் திரும்பச் சமைக்கவே கூடாது. திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 900 ரூபாய்க்கு ஒரு பழைய ஓடிஜி வாங்கி மொட்டை மாடியில் வைத்தேன். அந்த 900 ரூபாயை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அடுப்பு அடுப்பாகத்தான் இருக்கிறது.

டப்பாவில் 93 டிகிரி, ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தது. அடுப்புத் திருகை நம்பாமல் உள்ளே தனியாகத் தெர்மாமீட்டர் வைத்தேன். 40 நிமிஷத்தில் நாற்றம். கதவைத் திறந்தால் கேலிப்பர் முழுக்க அப்பளம் மாதிரி கொப்புளம்.

போன் செய்தேன். "ஹீட்ட கூட வச்சிட்டீங்கண்ணே" என்றான். தெர்மாமீட்டர் 95க்கு மேல் போகவில்லையே தம்பி என்றேன். "தெர்மாமீட்டரெல்லாம் சைனாண்ணே. தேய்ச்சிட்டு இன்னொரு கோட் அடிங்க, இந்த வாட்டி ஓவன் வேணாம், ஹேர் டிரையரே போதும்." ஹேர் டிரையர் போதும் என்றால் எதற்கடா ஹோம் க்யூரிங் கிட் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. மறுபடி எமரி, மறுபடி மூன்று கோட், ஹேர் டிரையர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. புது சீல் போட்டு, செம்பு வாஷர் மாற்றி மாட்டினேன். ஆயில் விட்டுக் காற்று எடுக்கும்போது பிளீடரிலிருந்து ஒரு சொட்டு சிவப்பு மேல் விழுந்தது. உடனே துடைத்தேன். துணியில் சிவப்பு வந்தது. கேலிப்பரில் அந்த இடம் ஆறின பாலாடை மாதிரி சுருங்கி, விரல் பட்டதும் வழிந்தது.

இரண்டாவது போன். "ஆயில் பட்டா உடனே தண்ணி ஊத்தணும்ணே, துடைக்கக் கூடாது." நீ வீடியோவில் துடைத்துத்தானே காட்டினாய் என்றேன். "அண்ணே, கஸ்டமர் நிக்கிறாங்க, ஈவ்னிங் பேசுறேன்." எந்த ஈவ்னிங் என்று சொல்லவில்லை.

அன்று ராத்திரி காலி டப்பாவின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். மேல் ஸ்டிக்கரில் தீச்சுவாலைப் படமும் டிகிரிக் கணக்கும். அடியில் இன்னொரு லேபிள்: மரம், சுவர், பிளாஸ்டிக், அலங்காரப் பொருட்களுக்கு. கொலு படிக்கு அடிக்கிற பெயிண்டை என் பிரேக்குக்கு விற்றிருக்கிறான், 5,650 ரூபாய்க்கு.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பெயிண்ட்தானே போலி, பிரேக் பிடிக்கிறதே என்று நினைத்துவிட்டேன். சக்கரத்தைக் கையால் சுற்றினேன், லேசாகச் சுற்றியது. இரண்டு ராத்திரி வண்டி நின்றது. நேற்று மருமகன் கையில் சாவியைக் கொடுக்கக் கிளம்பினேன். அக்கா வீடு ஊமச்சிகுளம் பக்கம். தல்லாகுளத்தில் பாலம் ஏறினால் நேரே போய் இறங்கலாம், ஏழு கிலோமீட்டர் சொச்சம். பாதிப் பாலத்தில் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி இழுத்தது. ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க நாற்றம். நடுப் பாலத்தில் நிறுத்தினால் பின்னால் வருகிறவன் தூக்கிவிடுவான். ஊர்ந்தே இறக்கத்துக்கு வந்து முன்பிரேக்கை அமுக்கினால் லீவர் கைப்பிடி வரைக்கும் சும்மா வருகிறது. அத்தனை நேரம் விடாமல் பிடித்த பிரேக், வேண்டிய நேரத்தில் இல்லை. பின்பிரேக்கை வைத்து ஓரங்கட்டினேன். பாட்டிலிலிருந்து டிஸ்க்கில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன். தாளிக்கிற சத்தம்.

டாட் 4 ஆயில் புதுசாக இருந்தால் 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் குடித்தது என்றால் 155தான். கொதித்து ஆவியானால் லீவரில் பிடி இருக்காது. நான் ஊற்றியது வீட்டில் திறந்து கிடந்த பழைய பாட்டில். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரேக் ஏன் விடவில்லை? அதைச் சொன்னது எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணன். கிட் விற்றவன் அனுப்பிய செட்டில் ஒரு சீலை நான் போடாமல் வைத்திருந்தேன். அதை மூடியில் ஆயில் ஊற்றி ராத்திரி முழுக்கப் போட்டுவைத்தார். காலையில் எடுத்து என் பழைய சீலோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார். ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. "தம்பி, பிஸ்டனைத் திரும்ப இழுக்க உள்ள ஸ்பிரிங் கெடையாது. இந்தச் சதுர ரப்பர்தான் மயிரளவு வளைஞ்சு திரும்ப இழுக்குது. அது உப்பிக்கிட்டா பேடு எப்படி விடும்? இது வேற ரப்பர், இந்த ஆயிலுக்கு ஆகாது" என்றார். அசல் சீல் செட் ஸ்பேர் கடையில் 400 சொச்சம்தான். நான் 5,650 கொடுத்து வாங்கியது இது. இதை என் மருமகன் ஓட்டிக்கொண்டு போயிருப்பான்.

மூன்றாவது போன் போகவில்லை, பிளாக். வீட்டுக்காரி நம்பரிலிருந்து அடித்தேன். "ராங் நம்பர்ங்க." அதே குரல். இந்த வாட்டி 'அண்ணே' இல்லை. அந்த வீடியோ ஆப்பில் புகார் கொடுத்தேன், பத்து நிமிஷத்தில் பதில்: அந்தப் பக்கம் எங்கள் விதிகளை மீறவில்லை. நேரில் போய்ச் சொன்ன இடத்தில், "பொருள் வந்திருக்குல்ல? அப்ப தரம் சரியில்லைன்னு கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். 1915ல் நுகர்வோர் புகார் பதியலாமே என்றால், எதிர்த்தரப்புப் பெயர், முகவரி என்று கேட்பார்களே, எதைச் சொல்வது? நீல டிரம் என்றா? சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930ல் யுபிஐ விவரத்தோடு பதிவு செய்திருக்கிறேன். மூன்று வாரம் கழித்துச் சொல்கிறேன். பணம் போன அன்றைக்கே அடித்திருக்க வேண்டிய நம்பர் அது.

என்னென்ன பார்த்து வாங்கணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. சுருக்கமாக: டப்பா லேபிளைக் கடையிலேயே சுரண்டிப் பாருங்கள். பெயிண்டை முதலில் ஒரு பழைய இரும்புத் துண்டில் அடித்து, சுட்டு, உங்கள் கையால் டாட் 4 ஊற்றிப் பாருங்கள். வீடியோவில் அவன் ஊற்றியது தேங்காய் எண்ணெயாகவே இருந்திருக்கும். சீல் வண்டிக் கம்பெனி ஸ்பேர் தவிர வேறு எதுவும் வேண்டாம். பிரித்து மாட்டினால் ரோட்டில் எடுக்கும் முன் மெக்கானிக்கிடம் ஒரு தரம் காட்டுங்கள். தங்கச்சி அக்கவுண்டுக்குப் பணம் போடாதீர்கள்.

பக்கத்தின் பெயரைக் கேட்டு யாரும் தனியாக மெசேஜ் போட வேண்டாம். காலையில் பார்த்தேன், பெயரை மாற்றிவிட்டான், 'ஆடிக் கடைசி ஆஃபர்' என்று அதே வீடியோ ஓடுகிறது. "இப்பவே உங்களுக்காக" எடுத்த வீடியோவில் அந்தக் காலண்டர் தேதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். சித்திரை 1.