டிக்‌ஷனரி எங்கே இருக்கிறது என்று கேட்காமல் மல்டி யூசர் மென்பொருள் வாங்காதீர்கள்

பல பேர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் பில்லிங் மென்பொருளை வெளியாரிடம் எழுதி வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் அலுவலகம் பட்ட பாடு இன்னொருவருக்கு வரக் கூடாது.

எங்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்த நிறுவனம் டேட்டாவை சர்வரில் வைத்தது. டேட்டாபேஸ் டிக்‌ஷனரியை மட்டும் ஒவ்வொரு கணினியிலும் ஒரு பிரதியாகப் போட்டது. எந்த டேபிளில் (அட்டவணையில்) என்னென்ன ஃபீல்டு (நெடுவரிசை), எதன் நீளம் எவ்வளவு, எந்தக் குறியீட்டுக்கு என்ன பொருள் என்பதெல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கும். இப்படி வைத்தால் நெட்வொர்க்கில் சுமை குறையும், வேகமாக ஓடும் என்றார்கள்.

அப்புறம் ஒரு அப்டேட் வந்தது. அதுவரை பில்லின் நிலை 3 என்றால் நிலுவை, 4 என்றால் ரத்து. 'பகுதி செலுத்தியது' என்று புதிதாக ஒரு நிலை தேவைப்பட்டபோது, அதைக் கடைசியில் சேர்க்காமல் 3-ஆம் இடத்தில் செருகிவிட்டார்கள். நிலுவை 4 ஆனது, ரத்து 5 ஆனது. சர்வரில் இருந்த பழைய பதிவுகளையும் அதற்கேற்ப மாற்றினார்கள். ஆனால் புது டிக்‌ஷனரி எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேரவில்லை.

விளைவைப் பாருங்கள். ஒரே பில், கணக்குப் பிரிவின் திரையில் நிலுவை, விற்பனைப் பிரிவின் திரையில் ரத்து. ரத்தான பில்லுக்கு யார் பணம் கேட்பார்கள்? அதைவிட மோசம், பழைய டிக்‌ஷனரி இருந்த கணினிகள் புது நிலுவை பில்களை 3 என்று எழுதிக்கொண்டே இருந்தன. கணக்குப் பிரிவில் அவை பகுதி செலுத்தியவையாகத் தெரிந்தன. எந்தப் பதிவை எந்த டிக்‌ஷனரி எழுதியது என்பதற்குப் பதிவில் ஒரு தடயமும் கிடையாது. கடைசியில் காகித பில்களை எடுத்து வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம்.

கேட்டால், "உங்கள் நெட்வொர்க்கில் கோளாறு, டேட்டா கரப்ட் ஆகிவிட்டது" என்றார்கள். சரிசெய்யத் தனிக் கட்டணமும் கேட்டார்கள். இது அப்பட்டமான பொய். எழுதியது எழுதியபடியே இருந்தது, படித்த விதம்தான் இரண்டாகப் பிரிந்திருந்தது. சரி, பழைய பேக்கப்பிலிருந்து மீட்கலாம் என்றால், பேக்கப்பில் டேட்டா மட்டும்தான். பழைய டிக்‌ஷனரியைக் கேட்டோம். "அது எங்கள் சொத்து, தர முடியாது" என்றார்கள். நம் டேட்டாவைப் படிக்கும் சாவியை அவர்கள் கையில் வைத்துக்கொண்டு டேட்டா உங்களுடையது என்று சொல்வதற்கு என்ன பொருள்?

டிக்‌ஷனரி தனிக் கோப்பாக இருப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் பழைய டேட்டாபேஸ் மென்பொருளான விஷுவல் ஃபாக்ஸ்புரோவில், டிபிசி எனப்படும் டிக்‌ஷனரி தனிக் கோப்புதான். ஆனால் ஒவ்வொரு டேபிளின் தலைப்பகுதியிலும் தன் டிபிசி எது என்று குறித்திருக்கும். அந்த டிபிசியைத் தொலைத்தால் 10 எழுத்துக்கு மேற்பட்ட ஃபீல்டு பெயர்களும் சரிபார்ப்பு விதிகளும் போய்விடும். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பழைய பதிப்புகளில் டேபிளின் வரையறை எஃப்ஆர்எம் என்ற தனிக் கோப்பில் ஒன்று, டேட்டாவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபிக்குள் இன்னொன்று என இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டும் முரண்பட்டு அவதிப்பட்டவர்கள் பலர். 2018-ல் வந்த 8.0 பதிப்பில் எஃப்ஆர்எம்மை ஒழித்து, டிக்‌ஷனரியை இன்னோடிபிக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். டேட்டாவின் விவரிப்பும் சாதாரண டேட்டாவைப் போலவே டேட்டாபேஸுக்குள் இருக்க வேண்டும் என்று, டேட்டாவை டேபிள்களாக வைக்கும் முறையை வகுத்த எட்கர் காட் 1985-லேயே தன் விதிகளில் நான்காவதாகச் சொல்லிவிட்டார். ஆள்ஆளுக்கு ஒரு பிரதி என்பது அதற்கு நேர் எதிர்.

எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் டிக்‌ஷனரி சர்வரில் ஒரே இடத்தில் இருக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். வேகத்துக்காகப் பிரதி வைத்தே ஆக வேண்டும் என்றால், டேட்டாவோடு ஒரு பதிப்பு எண்ணும் இருக்க வேண்டும். நிரல் திறக்கும்போது தன் டிக்‌ஷனரியின் எண்ணோடு அது பொருந்தாவிட்டால் உள்ளேயே விடக் கூடாது. இதை எழுதுவது ஒரு புரோகிராமருக்குப் பெரிய வேலையே அல்ல. பேக்கப்பில் இரண்டும் ஒன்றாக, ஒரே நேரத்து நிலையில் போக வேண்டும். ஒரு தனிக் கணினியில் அதை மீட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். டிக்‌ஷனரியின் ஒவ்வொரு பதிப்பின் பிரதியும் உங்களுக்குச் சேர வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க அவர்கள் மறுத்தால், வேறு ஆளைப் பாருங்கள்.